கூட்டு வைஃபையின் கணக்கு

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டி அமைந்துள்ள கேமரன் மலை, 1885-இல் அங்கு நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நின்றாலும், அது தேயிலை மலையானது 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய பின்னரேயாகும். கொழுந்து பறிக்கக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோருடன், இன்று வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். சரிவுகளுக்கு இடையே வரிசையாக எழுந்த இவ்வீடுகளுக்கு இணையம் ஆளுக்கொன்றாக வருவதில்லை. சிம் அட்டை செருகிய மோடம் ஒன்றோ, கண்ணாடி இழை இணைப்பு ஒன்றோ வீட்டுக்கு வர, அதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும், சில வேளைகளில் சுவருக்கு அப்பாலுள்ள பக்கத்து வீட்டாரும் பகிர்ந்துகொள்கின்றனர். மாதம் பாதிகூடக் கழியாத நிலையில் வேகம் படுத்துவிடும்போது, டேட்டாவைத் தீர்த்தது யார் என்ற கேள்வி எழுகிறது. மோடத்தின் கணக்குப் பக்கம் இதற்கு விடை சொல்வது போலத் தோன்றினாலும், அது உண்மையில் விடை சொல்வது வேறொரு கேள்விக்கே ஆகும்: எந்தக் கருவி எவ்வளவு என்பதை அதனால் அளக்க முடியும், யார், எதற்காக என்பது அளவீடன்று, ஊகம்.

இணையம் ஏன் இங்கு அரிதாகிறது என்பதை முதலில் காண்பது நன்று. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் கோத்தாற்போல் அமைந்திருக்க, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டப் பகுதிகள் அச்சாலையிலிருந்து பிரியும் குறுகிய மலைப்பாதைகளின் உட்புறத்தில் மடிப்பு மடிப்பான பள்ளங்களில் கிடக்கின்றன. சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்தில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தும், அதன் அடிவாரத்து வீட்டில் கைப்பேசிக்கு ‘லைன்’ கிடைக்காமற் போவதுண்டு. இதற்குப் பனிமூட்டத்தைக் குறை கூறுவது மலைவாசிகளின் வழக்கம்; ஆனால் மூடுபனி இதில் குற்றமற்றது. பனித்துளி ஒன்றின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவினது. கைப்பேசி அலையின் நீளமோ 700 மெகாஹெர்ட்சில் சுமார் 43 சென்டிமீட்டர், 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்சில் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர் என்பதால், அவ்வளவு நீண்ட அலைகளுக்குப் பனித்துளி ஒரு பொருட்டே அன்று. அலையைத் தடுப்பது மலைமுகடுதான். நீண்ட அலைகள் முகட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். குறுகிய அலைகள் அவ்வாறு வளைவது குறைவு. ஆகவே புதிய தொழில்நுட்பம் அதிக வேகத்தைத் தரும் அதே வேளையில் பள்ளத்து வீடுகளை எளிதில் எட்டுவதில்லை. கனமழையில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி நின்றுவிடுவதைக் கண்டவர்கள் கைப்பேசிக்கும் அதையே பொருத்திப் பார்க்கின்றனர் போலும். செயற்கைக்கோள் ஒளிபரப்பின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே, மழைத்துளிகள் பனித்துளிகளைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால் அங்கு மட்டும் அக்குற்றச்சாட்டு பொருந்தும்.

இவ்வாறு அரிதாக வந்து சேரும் இணைப்பை வீட்டுக்குள் பங்கிடும் கருவியே ரௌட்டர். பேச்சு வழக்கில் மோடம் என்றே அதுவும் அழைக்கப்படுகிறது. அது வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியை வழங்குகிறது. இணைய முகவரிகளுள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எனத் தனியே ஒதுக்கப்பட்ட இவை வெளியுலகில் செல்லுபடியாகாதவை. கருவியொன்று வெளியே ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, ரௌட்டர் அந்தக் கோரிக்கையின் மீதுள்ள உள்முகவரியை நீக்கி, இணைய நிறுவனம் தனக்குத் தந்த ஒரே வெளிமுகவரியை இட்டு அனுப்பிவிட்டு, எந்தக் கோரிக்கை எந்தக் கருவியிடமிருந்து வந்தது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்குத் தருகிறது. முகவரி மாற்றம் எனப்படும் இந்த ஏற்பாட்டின் காரணமாக, வெளியிலிருந்து பார்க்கும் நிறுவனத்துக்கு வீட்டிலுள்ள ஏழு கைப்பேசிகளும் ஒரே வாடிக்கையாளராகவே தெரிகின்றன. யார் பங்கு எவ்வளவு என்று தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்துக் கேட்பதில் பயனில்லாமைக்கு இதுவே காரணம். பிரித்துக் காட்டக்கூடிய ஒரே இடம் வீட்டிலுள்ள ரௌட்டர்தான்.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கம், கைப்பேசியின் உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான மோடங்களில் திறக்கும். அங்கு இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ஒவ்வொன்றின் பெயர், உள்முகவரி ஆகியவற்றோடு மேக் முகவரி என்னும் பன்னிரண்டு எழுத்து அடையாளமும் இருக்கும். கருவியின் வைஃபை சில்லுக்குத் தொழிற்சாலையில் இடப்படும் இவ்வடையாளத்தின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிப்பதால், பெயரற்ற கருவி எந்த நிறுவனத்தினுடையது என்று முன்னெல்லாம் கண்டறிய முடிந்தது. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் தம் உண்மை அடையாளத்தை மறைத்து, வைஃபை ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனை அடையாளத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன. அவற்றைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் புனைந்த முகவரியே. ஒரே கைப்பேசி அமைப்பை அழித்துப் புதிதாக இணையும்போது வேறோர் அடையாளத்துடன் வரக்கூடும் என்பதால், பட்டியலில் பதினொரு கருவிகள் தெரிவதைக் கண்டு பக்கத்து வீட்டார்மீது ஐயுறுமுன் இந்த இரண்டாவது எழுத்தைப் பார்த்துவிடுவது உறவுக்கு நல்லது.

இனி எண்ணிக்கை. தரவு என்பது பொட்டலங்கள் என்னும் சிறு துண்டுகளாகவே பயணிக்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் தன்னைக் கடக்கும்போது அதன் பைட் அளவை அந்தக் கருவியின் கணக்கில் கூட்டிக்கொண்டே செல்வதுதான் ரௌட்டர் செய்யும் முழு வேலை. இவ்வளவு எளிய கூட்டலிலும் பிழை புகுகிறது. பழைய, மலிவான மோடங்களில் எண்ணி 32 இரும இலக்கங்களால் ஆனது. அது 4,294,967,296 பைட்டைத் தொட்டதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு பெரிய கோப்பு இறங்கினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். இடையில் கணக்கைப் படித்துச் சேமிக்காத மென்பொருள், 9 கிகாபைட் இழுத்த கருவியை அரை கிகாபைட்டுக்கும் குறைவாக இழுத்ததாகக் காட்டும். நான்காம் பதிப்பு இணைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கையும் இதே 4,294,967,296 தான். முகவரிப் பஞ்சமும் அதனால் வந்த முகவரி மாற்ற ஏற்பாடும், எண்ணி சுழியத்துக்குத் திரும்புவதும் ஒரே 32 இலக்கச் சிக்கனத்தின் பிள்ளைகள்.

நிறுவனத்தின் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒத்துப்போகாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நிறுவனங்கள் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட்டாகக் கொள்ள, சில கருவிகள் 1,073,741,824 பைட்டாகக் கொள்கின்றன. ஏழு விழுக்காட்டுக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டால், 60 கிகாபைட் கோட்டா தீர்ந்துவிட்டதாக நிறுவனம் அறிவிக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள கணக்கு 55.9 என்றே நிற்கும். இடையிலுள்ள நான்கைத் திருடியவர் எவருமில்லை.

எண்ணிகள் சரியாக இருக்கும் வீட்டில், பட்டியலின் உச்சியில் நிற்பது பெரும்பாலும் காணொளி ஓடும் கருவியாகவே இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தானே தரும் கணக்கின்படி, ஒரு மணி நேரக் காணொளி சாதாரணத் தரத்தில் சுமார் 1 கிகாபைட், உயர்தரத்தில் 3 வரை, 4கே தரத்தில் 7 வரை செலவாக்கும். எனவே 60 கிகாபைட் என்பது உயர்தரத்தில் இருபது மணி நேரம். ஐவர் வாழும் வீட்டில் ஆளுக்கு நான்கு மணி நேரம், அதுவும் மாதம் முழுவதற்கும். குறுஞ்செய்தியும் குரலஞ்சலும் இதன் முன் கடுகளவு. ஆனால் கவனிக்கத்தக்கது, யாரும் பார்க்காமலேயே செலவாகும் பகுதியாகும். ஒரு காணொளி முடிந்ததும் தானே அடுத்ததைத் தொடங்கும் ஏற்பாடு, செயலிகளின் புதுப்பிப்பு, எடுத்த படங்களையெல்லாம் மேகச் சேமிப்புக்கு ஏற்றும் வசதி ஆகியவை கைப்பேசியின் உரிமையாளர் உறங்கும்போதும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் பல, கைப்பேசி வைஃபையில் இணைந்ததும் தொடங்கும்படியே அமைக்கப்பட்டவை. வைஃபை என்றால் அளவற்றது என்பது அவற்றை எழுதிய பொறியாளர்களின் நினைப்பு, சிம் மோடத்தின் பின்னால் கோட்டாவை எண்ணிக் காத்திருக்கும் தோட்டத்து வீடு அவர்கள் கண்ணில் படவில்லை.

மாலையில் வேலை முடிந்து அனைவரும் வீடு திரும்பும் நேரத்தில் இணையம் திணறுவதற்கு இந்தப் படம் ஏற்றும் வேலை பெரும்பங்கு வகிக்கிறது. சிம் மோடங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவு; ஒரு கைப்பேசி நூறு படங்களை ஒருசேர ஏற்றத் தொடங்கினால் அவை மோடத்தின் நினைவகத்தில் வரிசைகட்டி நிற்க, மற்றவர்களின் சின்னஞ்சிறு கோரிக்கைகளும் அந்த நீண்ட வரிசையின் வாலில் சேர்ந்து காத்திருக்க நேர்கிறது. 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் என்னும் மென்பொருள் பொறியாளர் தம் வீட்டிலேயே இதைக் கண்டறிந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மொத்த டேட்டாவில் ஒரு கிகாபைட்டைக்கூடத் தாண்டாத கைப்பேசி, வீட்டார் அனைவரின் அழைப்புகளையும் முடக்கிவிடக்கூடும் என்பதால், ‘அதிகம் இழுத்தவரே குற்றவாளி’ என்னும் முடிவு இங்கே தவறிவிடுகிறது.

அதே முடிவு இன்னொரு வகையிலும் தவறும். வைஃபை என்பது ஒரே காற்றை முறைவைத்துப் பேசும் ஏற்பாடு. ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். மோடத்துக்கு அருகிலுள்ள கைப்பேசி வினாடிக்கு 120 மெகாபிட் வேகத்தில் பேச, இரண்டு சுவர் தாண்டிச் சமையற்கட்டில் இருக்கும் பழைய கைப்பேசி 6 மெகாபிட்டில்தான் பேச முடிகிறது என்றால், ஒரே அளவு தரவுக்கு அது இருபது மடங்கு நேரம் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 2003-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டியபடி, முறை ஒவ்வொருவருக்கும் சமமாக வருவதால், மெதுவானவர் ஒருவர் வேகமானவர்கள் அனைவரையும் தம் வேகத்துக்கு அருகில் இழுத்துவிடுகிறார். பைட் பட்டியலில் அந்தப் பழைய கைப்பேசி கடைசி வரியில் இருக்கும். அதை வைத்திருக்கும் பாட்டியைச் சந்தேகிக்கவும் யாருக்கும் தோன்றாது; சந்தேகிக்கவும் வேண்டாம், மோடத்தை வீட்டின் நடுவே நகர்த்தினால் போதும்.

கருவியும் ஆளும் ஒன்றல்ல என்பது, 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது நாடெங்கும் தெரியவந்தது. அண்ணன், தங்கை இருவரின் இணைய வகுப்பும் தந்தையின் ஒரே கைப்பேசியில் நடந்த வீடுகளில், தந்தையின் பெயரில் பதிவான பயன்பாட்டில் தந்தையின் பங்கு எவ்வளவு என்று எந்தக் கருவியாலும் கூற இயலாது. ஒரு கைப்பேசி இன்னொன்றுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தாலும் இதே நிலைதான்.

அளவைத் தாண்டி, எந்தத் தளத்துக்குச் சென்றார்கள் என்பதை அறிய முற்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெயர்ச் சேவையையே நம்புகின்றன. தளத்தின் பெயரைத் தட்டியதும் கருவி முதலில் அப்பெயருக்குரிய எண் முகவரியை ஒரு பெயர்ச் சேவையகத்திடம் கேட்கிறது; டிஎன்எஸ் எனப்படும் இக்கேள்வி பழைய முறையில் மறைகுறியின்றி வெளிப்படையாகச் செல்வதால், வழியிலுள்ள எவரும் அதைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இது வெறும் ஏட்டறிவன்று என்பதை மலேசியர்கள் 2024 செப்டம்பரில் கண்டனர். கூகல், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநாட்டுச் சேவையகங்களுக்குச் செல்லும் பெயர்க் கேள்விகளைத் தத்தம் சேவையகங்களுக்கே திருப்பிவிடும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. சூதாட்டம், ஆபாசம் போன்ற தீங்குகளிலிருந்து பயனரைக் காப்பதே நோக்கம் என்று விளக்கப்பட்ட போதிலும் கடும் எதிர்ப்பு எழுந்ததால், சில நாள்களிலேயே தொடர்புத்துறை அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று அறிவித்தார். நாடளவில் அன்று முயன்றதைத்தான், தன் மோடத்தில் பெயர் வடிகட்டி வைக்கும் ஒவ்வொரு வீடும் சிறிய அளவில் செய்கிறது. இரண்டும் ஒரே நுட்பம், ஒரே பலவீனம். 2018-இல் தரப்படுத்தப்பட்ட முறைப்படி பெயர்க் கேள்வியையும் மறைகுறியாக்கி அனுப்பும் உலாவிக்கு முன் இரண்டும் பார்வையிழக்கும்.

பக்கத்தின் உள்ளடக்கமோ முன்னரே மறைந்துவிட்டது. முகவரி https என்று தொடங்கும் தளங்களில், கருவிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான உரையாடல் முழுவதும் மறைகுறியில் நடப்பதால், யூடியூபுக்குச் சென்றது தெரியலாம், என்ன பார்க்கப்பட்டது என்பது தெரியாது. வீட்டில் அமரும் ஒரு மென்பொருள் ‘எல்லாவற்றையும் காட்டும்’ என்று விளம்பரம் சொன்னால், அது கைப்பேசிக்குள்ளேயே நிறுவப்பட வேண்டிய உளவுச் செயலியாக இருக்க வேண்டும், அல்லது விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டும்.

இதனால் கண்காணிப்பு தீங்கற்றது என்று கருதிவிடலாகாது. உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் அளவும் நேரமும் நிறையப் பேசும். 2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறக்கத்தை அளக்கும் கருவியொன்றின் மறைகுறித் தரவு எப்போதெல்லாம் எழுந்து தணிகிறது என்பதை மட்டும் வைத்தே, அதன் உரிமையாளர் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று காட்டினர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், காணொளி விட்டுவிட்டு இறங்கும் துடிப்பின் வடிவத்தைக் கொண்டு எந்தக் காணொளி என்பதையே பெருமளவு கண்டறிந்தனர். இரண்டாவது ஆய்வகத்து வேலை. முதலாவதைப் போன்ற ஊகத்துக்கோ பெரிய திறமை தேவையில்லை. கைப்பேசி மோடத்தில் இணையும் நொடியும் விலகும் நொடியும் பதிவாகின்றன என்பதால், யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், நள்ளிரவில் யார் விழித்திருந்தார், எந்த விருந்தினரின் கருவி வந்தது என்பதையெல்லாம் அந்தப் பட்டியல் தானே எழுதிவைக்கிறது. தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு எடுக்கும் வருகைப் பதிவு நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் பெயருக்குரியவர் காதில் விழும்படி. மோடத்தின் பதிவு நொடிக்கு நொடி, ஓசையின்றி.

சட்டம் இதில் எங்கு நிற்கிறது என்பதும் தெளிவாகவே உள்ளது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 234-ஆம் பிரிவில், உரிய அதிகாரமின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, குடும்ப, வீட்டு விவகாரங்களுக்காக மட்டும் கையாளும் தரவுக்கு விலக்கு அளிக்கிறது. தாய் தன் பிள்ளையின் கருவி எத்தனை கிகாபைட் இழுத்தது என்று பார்ப்பது இவ்விலக்கினுள் அடங்கும். ஆனால் பன்னிரண்டு தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பில் முதலாளி போட்டுத் தந்த வைஃபையின் பதிவு குடும்ப விவகாரமாகாது. அங்கு மோடத்தைப் பார்ப்பவர் சம்பளம் தருபவர், பார்க்கப்படுபவர் கடவுச்சீட்டு, விசா என்று பலவற்றுக்கும் அவரையே நம்பி இருப்பவர். இரண்டையும் ‘வீட்டு நெட்வொர்க்’ என்ற ஒரே பெயரால் மென்பொருள் விற்பவர்கள் அழைப்பது வசதிக்காக மட்டுமே.

பங்கிட வேண்டிய இணைப்புக்குக் கணக்கு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவையானது சிறிதளவே: மாதத்துக்கான மொத்த அளவு, கருவிவாரியாக நாளொன்றுக்கு ஓர் எண், படம் ஏற்றும் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளும் ஓர் அமைப்பு, காணொளித் தரத்தை 480 வரிகளுக்கு இறக்கும் ஒரு முடிவு. கைப்பேசியில் இந்த வைஃபையை ‘அளவுக்குட்பட்டது’ என்று குறிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் உண்டு; அதைத் தட்டிவிட்டால் பின்னணி இறக்கங்கள் பல தாமாகவே அடங்கும், யாரையும் கண்காணிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. கருவிவாரி எண்ணை வீட்டார் அனைவரும் பார்க்கும்படி வைப்பதே முறை. ஒருவர் மட்டும் பார்க்கும் கணக்கு விரைவில் கணக்காக இராது.

இறுதியாக ஒன்று. பல மோடங்களில் நிர்வாகப் பக்கத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதன் அடிப்புறத்தில் ஒட்டிய தாளிலேயே அச்சாகியிருக்கும். பழைய மாதிரிகள் சிலவற்றில் அது ஒரே சொல்லாக எல்லா மோடங்களுக்கும் பொதுவானது. அதை மாற்றாதவரை, வைஃபை கடவுச்சொல்லைப் பெற்ற பக்கத்து வீட்டாரும், ஒருநாள் வந்து போன விருந்தினரும் அதே பட்டியலைத் திறந்து படிக்க முடியும். கணக்குப் பார்க்கத் தொடங்குமுன் மோடத்தைத் திருப்பிப் பார்த்து, அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள்.